பாசி எடுக்கும் பெண்களைக் கேட்டுத் தீவுகளைக் காப்பாற்றுங்கள்
நீலசந்திராவிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் வனத்துறைக்கும்,

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து நீலசந்திராவில் குடியிருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம். கடலே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்குத் தீவைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். எங்கள் அம்மாவும் அத்தையும் இன்றும் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் முங்கிப் பாசி எடுக்கிறார்கள்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அவை காக்கப்பட வேண்டும். அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. அவற்றில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. ஆனால் அவற்றைக் கரைத்தது யார்? சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆண்டுக்கணக்கில் பவளப்பாறையை வெட்டிக் கரையேற்றினார்கள். அலையைத் தடுத்து நின்ற பார் போனதும் மணல் அரித்தது. அந்தப் பழி பாசி எடுக்கும் பெண்கள் தலையில் விழக்கூடாது. பாசியைப் பெயர்க்கும் சுரண்டியைக் கைவிட்டதும், பாசி எடுக்கும் நாட்களைக் குறைத்ததும் அவர்கள் தாமாகப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. எந்த அதிகாரியும் சொல்லிக் கொடுத்ததல்ல.

ஆகவே, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை இங்கே நடைமுறைப்படுத்துங்கள். அது தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். மீன் முதலான நீர்நிலை விளைபொருள்மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் சொல்கிறது. எந்தத் தீவு, எந்த மாதம், எத்தனை நாள் என்பதைப் பெண்களோடு உட்கார்ந்து எழுத்தில் வையுங்கள். அதன்பின் அவர்கள் படகை மறிப்பதும் எடுத்த பாசியைப் பறிப்பதும் நிற்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த காப்பாபைகஸ் பாசியைத் தீவுப் பக்கம் வளர்க்க விடாதீர்கள். குருசடைத் தீவில் அது பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008இலேயே பதிவு செய்துவிட்டார்கள். வளர்ப்புத் திட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கடலின் பாசியை வளர்க்கட்டும்.

கரையோரக் கடலுக்குள் வரும் விசைப்படகையும், தடைசெய்த இரட்டைமடி வலையையும் பிடியுங்கள். ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடல்புல்லை வேரோடு பெயர்ப்பது அந்த மடிதான். முங்கி எடுக்கும் கையைப் பிடிப்பது சுலபம் என்பதற்காக மடியை விட்டுவிடக் கூடாது.

தீவுச் சுற்றுலாவில் படகு ஓட்டும் வேலை முதலில் கரையோர ஊர்க்காரர்களுக்கு. அந்தச் சுற்றுலாவின் வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

பூங்காவின் அடுத்த மேலாண்மைத் திட்டத்தைச் சென்னையில் எழுதி முடித்துவிட்டு ஊருக்கு அனுப்பாதீர்கள். பாசி வேலை இல்லாத நாளாகப் பார்த்து மண்டபத்துக்கு வாருங்கள். எங்கள் பெண்களைக் கேட்டு அங்கேயே எழுதுங்கள்.