ரிம் எத்தனை அங்குலம் என்பது முதல் கேள்வி அல்ல

மாணவர்களே, இன்று மாலை வீட்டு வாசலில் நிற்கும் காரின் அருகே போய்க் குனிந்து, டயரின் பக்கவாட்டைப் படித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் 185/55 ஆர்15 என்றோ 215/50 ஆர்17 என்றோ ஓர் எண் வரிசை இருக்கும். பெரும்பாலோர் அதை யாருடைய தொலைபேசி எண்ணோ என்பதுபோல் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நீங்கள் இயற்பியல் பாடத்தில் படிக்கும் விசை, அழுத்தம், நிலைமம் (இனர்சியா என்று படிக்கிறீர்களே, அதுதான்) எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரியில் வேலை இருக்கிறது.

அண்மையில் ஒரு மாணவர் கேட்டார்: "டீச்சர், என் அண்ணன் சிவிக்குக்கு 19 இஞ்ச் ஸ்போர்ட் ரிம் போடப் போறாரு. நல்லா இருக்கும்தானே?" நன்றாகத்தான் இருக்கும், பார்ப்பதற்கு. ஓட்டுவதற்கும் நன்றாக இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை ரிம்மின் அங்குலத்தில் இல்லை. டயரின் மொத்த விட்டம், அது தாங்கும் பாரம், அந்த ரப்பரின் தரம் ஆகியவற்றில் இருக்கிறது. ரிம்முக்குப் பணத்தை எல்லாம் கொட்டிவிட்டு, டயருக்கு மிச்சம் இருப்பதைப் போடுவது தலைகீழான செலவு என்பது என் கருத்து. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அந்த எண் வரிசையைப் படிப்போம். சிவிக் செடானின் பத்தாம் தலைமுறை மாடலில் 17 அங்குல ரிம்முக்கு 215/50 ஆர்17 டயர் வருகிறது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அல்ல, அகலத்தின் விழுக்காட்டில். ஆர் என்றால் ரேடியல் அமைப்பு. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவுமுறைகள்! தேர்வில் நீங்கள் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் வெட்டிவிடுவேன். டயர் உலகம் பல ஆண்டுகளாக இதை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கச் சுவரின் உயரம் 215-இல் பாதி, அதாவது 107.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 215. 17 அங்குலம் என்பது 431.8 மி.மீ. இரண்டையும் கூட்டினால் மொத்த விட்டம் 646.8 மி.மீ. இந்த எண்ணைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். ரிம் பெரிதானால் பக்கச் சுவர் அதே அளவுக்குச் சிறிதாக வேண்டும். 235/40 ஆர்18 போட்டால் விட்டம் 645.2 மி.மீ.; கால் விழுக்காடுதான் வித்தியாசம். 235/35 ஆர்19 போட்டால் 647.1 மி.மீ.; இதுவும் பொருந்துகிறது. ஆனால் கடைக்காரர் "ஸ்டாக் இருக்கு, மலிவு" என்று 225/45 ஆர்18 நீட்டினால்? 659.7 மி.மீ. இரண்டு விழுக்காடு கூடிவிட்டது.

கார் தயாரிப்பாளர்களே இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நம் தெருவெங்கும் ஓடும் மைவியைப் பாருங்கள். 2017-இல் வந்த மாடலில் 1.3 லிட்டர் வண்டிக்கு 175/65 ஆர்14, 1.5 லிட்டர் வண்டிக்கு 185/55 ஆர்15. விட்டம் முறையே 583.1, 584.5 மி.மீ. ரிம் ஓர் அங்குலம் ஏறியிருக்கிறது. விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை.

விட்டம் மாறினால் என்ன ஆகும்? கார் தன் வேகத்தைச் சாலையைப் பார்த்து அறிவதில்லை. சுழற்சியை எண்ணி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று பெருக்கிக் காட்டுகிறது. சக்கரம் இரண்டு விழுக்காடு பெரிதானால், மீட்டர் 110 காட்டும்போது முன்பைவிட 2 கி.மீ. வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐ.நா. வாகன விதிமுறை 39. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கிறார்கள். பெரிய டயர் அந்தக் கொஞ்சத்தைத் தின்றுவிடும். நெடுஞ்சாலையில் கேமரா பிடித்தபின் "மீட்டரில் 110தான் இருந்தது" என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்தது அகலம். அகலமான டயர் தரையை அதிகமாகத் தொடும், அதனால் பிடிப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. ஏறக்குறைய 1,300 கிலோ எடையுள்ள காரில் ஒரு சக்கரத்துக்கு 325 கிலோ, அதாவது சுமார் 3,190 நியூட்டன் விசை. டயரில் காற்றழுத்தம் 220 கிலோபாஸ்கல் (பெட்ரோல் நிலைய மீட்டரில் 32 பி.எஸ்.ஐ.). வகுத்துப் பாருங்கள்: 145 சதுர செ.மீ. ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுச் சிறியது! நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் குடும்பம் முழுவதையும் சாலையோடு பிணைத்திருப்பது நான்கு அஞ்சலட்டைகள்தாம்.

எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் டயரை அகலமாக்கினாலும் இந்தப் பரப்பளவு பெரிதாக மாறாது. பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் கணக்கு அச்சாக வராது என்றாலும், மாறுவது முக்கியமாக வடிவம்தான். குறுகிய டயரின் அஞ்சலட்டை நெடுக்குவாட்டில் கிடக்கிறது. அகலமான டயரில் அதே அட்டை குறுக்குவாட்டில் திரும்பிக்கொள்கிறது. காய்ந்த சாலையில் வளைவுகளுக்குக் குறுக்கு வடிவம் உதவும். பந்தயக் கார்களின் அகலமான டயர்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நாம் வாழ்வது மழை நாட்டில். மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டினால் ஐந்து நிமிடத்தில் சாலை வாய்க்கால் ஆகிவிடும். அப்போது டயர், முன்னால் இருக்கும் நீரைத் தள்ளிவிட்டுத் தரையைத் தொட வேண்டும். நேரம் போதாவிட்டால் நீர்ப்படலத்தின் மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும், பிரேக் பிடித்தாலும் பயனில்லை. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் வெள்ளம் நின்ற ஓடுபாதைகளில் விமான டயர்களைச் சோதித்து ஒரு எளிய சூத்திரம் கண்டார்கள்: கிலோபாஸ்கலில் உள்ள காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 6.36-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் கிடைக்கும். 220-க்கு மணிக்கு 94 கி.மீ.; காற்று இறங்கி 160 ஆனால் 80 கி.மீ. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. வரிப்பள்ளத்தின் ஆழமும் அந்த அஞ்சலட்டையின் வடிவமும் சேர்ந்து தீர்மானிக்கும். அகலமாகவும் குட்டையாகவும் கிடக்கும் தடம் அதிக நீரைக் குறைந்த நேரத்தில் தள்ள வேண்டியிருப்பதால், குறைந்த வேகத்திலேயே மிதந்துவிடும். 215-ஐ 235 ஆக்கும்போது வாங்குவது இதையும் சேர்த்துத்தான். அதில் பாதி தேய்ந்த பழைய டயரைப் போட்டால் கேட்கவே வேண்டாம்.

இனி பக்கச் சுவர். 17-இல் 107.5 மி.மீ., 18-இல் 94, 19-இல் 82. குழியில் விழும்போது வளைந்து கொடுப்பது இந்தச் சுவர்தான். நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்தில் விடியற்காலையில் பால்மரம் வெட்டி எடுத்த இயற்கை ரப்பர், ரேடியல் டயரின் பக்கச் சுவரில் இன்றும் கலந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வளைந்தாலும் எளிதில் விரிசல் விடாத குணம் அதற்கு உண்டு. சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்பும். ஓட்டுபவருக்கு அது இன்பம், மறுக்கவில்லை. ஆனால் மழைக்குப் பின் சாலையில் முளைக்கும் குழிகள் அந்த இன்பத்துக்கு விலை கேட்கும். வளைய இடமில்லாத டயர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். உள்ளே இழைகள் அறுந்து பக்கவாட்டில் கொழுக்கட்டை போலப் புடைக்கும். அல்லது ரிம்மே வளையும். பெயர் தெரியாத போலி ரிம் என்றால் வெடிப்பும் விடலாம். ஜப்பானியத் தர அடையாளமான ஜே.டபிள்யூ.எல்., சோதனை அடையாளமான வி.ஐ.ஏ. ஆகியவை ரிம்மில் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எடை பற்றியும் ஒரு சொல். உருளும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, முடுக்கும்போது இரண்டு கிலோ போல நடந்துகொள்ளும், ஏனென்றால் அது முன்னாலும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 2 கிலோ கூடினால் நான்குக்கும் 8. அதிகம் போனால் 16 கிலோவுக்குச் சமம். 1,300 கிலோ காரின் இயந்திரத்துக்கு இது பெரிய சுமை இல்லை. சிலர் இதை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். உண்மையில் அவதிப்படுவது அப்சோர்பர். மேடு பள்ளத்தில் குதிக்கும் கனமான சக்கரத்தை அடக்கித் தரையோடு வைத்திருக்க அது கூடுதலாகப் போராட வேண்டும்.

ரிம் வாங்குபவர்கள் கவனிக்காத இன்னொன்று ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு பொருந்தும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு இது. 7 அங்குல அகலம், ஆஃப்செட் 45 உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 8 அங்குலம், ஆஃப்செட் 35 போட்டால், வெளி விளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும். சக்கரம் மட்கார்டைத் தாண்டி நீட்டினால் ஜே.பி.ஜே. அதிகாரி நிறுத்துவதற்கு அதுவே காரணம் ஆகிவிடும். சக்கர பேரிங்குக்கும் நெம்புகோல் நீண்டுவிடும். நடுத்துளையும் பொருந்த வேண்டும். சிவிக்குக்கு 64.1 மி.மீ.; பெரிய துளையுள்ள ரிம் என்றால் இடைவெளியை அடைக்கும் வளையம் போடச் சொல்லுங்கள்.

அளவுக்குப் பின்னால் 91வி போல ஒன்று இருக்குமே, அதைக் கடையில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. 91 என்பது பாரக் குறியீடு: அந்த டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை. 235/35 ஆர்19 டயர் 87-லும் வருகிறது, 91-லும் வருகிறது. 87 என்றால் 545 கிலோதான். அளவு ஒன்றே, தாங்கும் பாரம் வேறு. பெருநாள் விடுமுறையில் ஐந்து பேர், பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகும்போது அந்த 70 கிலோ தேவைப்படும்.

"பார்முலா 1 கார்களே 2022-இல் 13 அங்குலத்திலிருந்து 18-க்கு மாறிவிட்டனவே, டீச்சர்?" என்று கேட்பீர்கள். மாறின. அந்தச் சக்கரங்கள் முன்பைவிடக் கனமானவை என்பதும் உண்மை. அவர்கள் ஓடுவது பழுதில்லாத தடத்தில். ஒரே பந்தயத்தில் டயர் மாற்றுவார்கள். நமக்குப் பொருத்தமான சான்று ஹோண்டாவிடமே இருக்கிறது. 2017-இல் வந்த சிவிக் டைப் ஆர் 245/30 ஆர்20 டயரில் ஓடியது. 2022-இல் வந்த அடுத்த டைப் ஆர் 265/30 ஆர்19. வேகமான கார், புதிய கார். ரிம் மட்டும் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது!

ஆகவே அந்த அண்ணனுக்கு நான் சொல்லி அனுப்பியது: 17-ஐயே வைத்துக்கொண்டு, இருக்கும் பணத்தில் ஈரச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடிக்கும் நான்கு புதிய டயர்கள் வாங்குங்கள். மனம் கேட்கவில்லை என்றால் 18, அதுவும் 235/40, பாரக் குறியீடு 91-க்குக் குறையாமல். 19 வேண்டாம். மிச்சம் பிடிக்கப் பழைய டயர் வாங்குவதாக இருந்தால் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்; 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. வரிப்பள்ளம் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

உங்களில் பலருக்குக் காரைவிட மோட்டார் லைசென்ஸ்தான் முதலில் வரும், 16 வயதில். அங்கே மோகம் நேர் எதிர்த்திசையில் ஓடுகிறது: கப்சாயில் சோத்தோங் டயர். 70/90 போட வேண்டிய 17 அங்குல ரிம்மில் 50/100 போட்டால் விட்டம் 557.8-இலிருந்து 531.8 மி.மீ. ஆகக் குறைகிறது; பக்கச் சுவர் 63-இலிருந்து 50 ஆகிறது. குறுகிய தடம் நீரை எளிதாக வெட்டும் என்று மேலே சொன்னேனே, அப்படியென்றால் சோத்தோங் மழைக்கு நல்லதா? நீரை வெட்டும், சரி. ஆனால் இரண்டு பேர் ஏறிய வண்டியின் பாரத்துக்கு அந்த டயர் செய்யப்படவில்லை. குழியில் 50 மி.மீ. சுவர் நசுங்கி ரிம்மைத் தொட அதிக நேரம் ஆகாது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன் சக்கரத்துக்குத் தாவும். அந்த நொடியில் அந்த மெல்லிய ரப்பருக்குத் தாங்க வேண்டிய பாரம் மிக அதிகம்.