வாயப்பயமா, வாளப்பளமா?

ஒரு குட்டி டெஸ்ட். பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டை 'வாழைப்பழம்'னு வேகமா பத்து தடவை சொல்லச் சொல்லுங்க. வடசென்னை பார்ட்டின்னா 'வாயப்பயம்' வரலாம். மதுரை, நெல்லைப் பக்கம்னா பெரும்பாலும் 'வாளப்பளம்' வரும். ரெண்டு பேருமே ழகரத்தைக் கோட்டை விட்டவங்கதான். ஆனா, கிளாஸே சிரிக்கிறது யாரைப் பார்த்து? 'வாயப்பயம்' பார்ட்டியைப் பார்த்து மட்டும்தான்!

ஏன் பாஸ்? 'ய'ங்கிற எழுத்துல அப்படி என்ன காமெடி இருக்கு? ஒண்ணும் இல்லை. அப்படிப் பேசுறவர் ரிக்‌ஷா ஓட்டுவார், குப்பத்துல இருப்பார், ஹீரோவுக்கு எடுபிடியா வருவார்னு சினிமா நமக்கு வருஷக்கணக்கா பாடம் நடத்தியிருக்கு. ஆக, நாம சிரிக்கிறது உச்சரிப்பைப் பார்த்து இல்லை. அந்த ஆளோட பர்ஸைப் பார்த்து!

ஹாஸ்டலுக்கு வாங்க. நாகர்கோவில் பக்கத்து ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், 'கொஞ்சம் வெள்ளம் தாங்க'ன்னு கேட்கிறான். அவன் ஊர்ல வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. 'டேய், ஊருக்குள்ள வெள்ளம் வந்துடுச்சாம்டா'ன்னு ஒரு குரூப் கலாய்க்குது. ஒரு நாள்னா அவனும் சேர்ந்து சிரிச்சிடுவான். தினமும் நடந்தா? முதல்ல மெஸ்ல பேச்சைக் குறைப்பான். அப்புறம் கிளாஸ்ல டவுட் கேட்க மாட்டான். செமினார் அன்னிக்கு வயித்துவலி வரும். கடைசியில கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல, விஷயம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பான். நம்ம அஞ்சு நிமிஷ ஜோக்குக்கு அவன் கொடுக்கிற விலை இது.

'அதுக்காக தப்பான தமிழை ஒத்துக்கணுமா?'ன்னு கேட்கிறீங்களா? தெற்கத்திக்காரங்க 'மெதுவா' என்பதற்கு 'பைய'ன்னு சொல்வாங்க. பட்டிக்காட்டு வார்த்தைன்னு நினைச்சா, 1098-வது திருக்குறளைப் புரட்டுங்க. வள்ளுவரே அதைப் பயன்படுத்தியிருக்கார். குமரிப் பக்கம் கூப்பிடுறதை 'விளிக்கிறது'ன்னு சொல்வாங்க. ஸ்கூல்ல 'விளி வேற்றுமை' படிச்சோமே, அதே விளிதான். ஊருக்கு ஊர் சொல் மாறும்னு தொல்காப்பியமே ஒத்துக்கிட்டு, 'திசைச்சொல்'னு தனி இடமே கொடுத்திருக்கு. தொல்காப்பியருக்கு இல்லாத பிரச்னை நமக்கு எதுக்கு?

'கிண்டல் பண்ணலை பாஸ், நிஜமாவே புரியலை'ன்னு சொல்றவங்களுக்கு ஒரு குட் நியூஸ். ஸ்பானிஷ், சீன வாடை அடிக்கிற இங்கிலீஷை அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டின ஓர் ஆய்வு 2004-ல் வெளியாச்சு. முதல்ல தடுமாறினவங்க காது, ஒரு நிமிஷத்துக்குள்ளேயே அந்த உச்சரிப்புக்குப் பழக ஆரம்பிச்சிடுச்சாம். வேத்து மொழிக்காரர் பேசுற இங்கிலீஷுக்கே அப்படின்னா, நம்ம மொழிக்கு எவ்வளவு நேரம் ஆகிடப்போகுது? புரியலைன்னா 'இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னு கேளுங்க. அது அவமானம் இல்லை. அவர் சொன்னதை அவர் எதிரிலேயே இழுத்து இழுத்து மிமிக்ரி பண்றோமே, அதுதான் அவமானம்.

'எனக்கு ஸ்லாங்கே கிடையாது, நான் பேசுறது நார்மல் தமிழ்'னு காலரைத் தூக்கிவிடுற ஆசாமிகளே... நீங்க ஒரு தடவை யாழ்ப்பாணத்துக்காரர்கிட்ட பேசிப் பாருங்க. அங்கே பேசுறதுக்குப் பேர் 'கதைக்கிறது', அழகுக்குப் பேர் 'வடிவு'. அவர் காதுக்கு உங்க 'நார்மல்' தமிழ்தான் வித்தியாசமா கேட்கும். அடுத்தவர் பேசினா ஸ்லாங், நாம பேசினா தமிழா?

இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். வேற ஊர்லேருந்து வந்த கிளாஸ்மேட்கிட்ட, அவங்க ஊர் வார்த்தை அஞ்சு கேட்டுக் கத்துக்கோங்க. பதிலுக்கு உங்க ஊர் வார்த்தை அஞ்சு கொடுங்க.

டீல் ஓகேவா? 'சரிங்', 'சரில', 'சர்ப்பா'... உங்க ஊர்ல எப்படியோ, அப்படியே சொல்லுங்க!