அந்தப் பழைய ஸ்பீக்கரைக் கொடுத்துடாதீங்க!

ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்துவிட்டால் பல வீடுகளில் இந்தப் பேச்சு கிளம்பும். “ஹால்ல அந்தப் பழைய பாட்டுப் பெட்டி எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தள்ளிட்டு டி.வி.க்குக் கீழ சவுண்ட்பார் ஒண்ணு வாங்கிடலாம்.” ஆசை ஆசையாக அந்தப் பெட்டியை வாங்கிய அப்பா, பதில் சொல்லாமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். இந்த வாரம் அவர் கட்சியில் நின்று கொஞ்சம் வாதாடுகிறேன்.

ஸ்டீரியோ செட் என்பது மூன்று சாமான்களின் கூட்டணி. பாட்டைத் தருவது ஒன்று, அதற்கு பலம் ஏற்றும் ஆம்ப்ளிஃபையர் ஒன்று, காற்றை அசைத்துக் காதுக்குக் கொண்டுவரும் ஸ்பீக்கர் ஒன்று. மூன்றுக்கும் ஒரே வேகத்தில் வயதாவதில்லை. பாட்டைத் தருவது மாறிக்கொண்டே இருக்கிறது. இசைத்தட்டு போய் கேசட் வந்தது, 1982-ல் சி.டி. வந்தது, இப்போது போன். ஆனால் ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் அந்த இரண்டு ஒயர், சிவப்பும் கறுப்பும், அன்றும் இன்றும் அதேதான். 1985-ல் வாங்கிய ஸ்பீக்கரை இன்று வாங்கும் ஆம்ப்ளிஃபையரில் மாட்டினாலும் பெரும்பாலும் பாடும். பின்பக்கம் எழுதியிருக்கும் ‘ஓம்ஸ்’ கணக்கு ஒத்துப்போனால் போதும். ஆகவே மொத்தமாகத் தள்ளிவிட்டு மொத்தமாக வாங்குவது, டயர் தேய்ந்ததற்காக வண்டியையே விற்பது போலத்தான்.

முதல் வேலை, பழைய செட்டைப் போனோடு சேர்ப்பது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ரிசீவர் போதும். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ‘ஆக்ஸ்’ அல்லது ‘டேப் இன்’ என்று எழுதிய துளைகளில் மாட்டுங்கள். ‘ஃபோனோ’ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு முள்ளின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது. போனை மாட்டினால் பாட்டு கதறும். வால்யூம் திருகும்போது கரகரவென்றால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். பாட்டே இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்டால் பெரும்பாலும் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்து, ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் அதிர்ஷ்டம். ஃபோம் என்றால், நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பொடிப் பொடியாக உதிரலாம். அதற்காக ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வளையத்தை மட்டும் மாற்றித் தரும் கைத்தொழில்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி தெருப் பக்கம் விசாரிக்கலாம்.

இனி, பைசா செலவில்லாத முன்னேற்றம். பெரும்பாலான வீடுகளில் ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் மேல், இன்னொன்று கதவுக்குப் பின்னால். இரண்டையும் இறக்குங்கள். நீங்கள் உட்காரும் நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு சம முக்கோணமாக அமைய வேண்டும். அதிலுள்ள சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் இருக்கட்டும். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் குடத்துக்குள் பேசுவது போல வீங்கும்; சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளுங்கள். பிறகு ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டிக் கேளுங்கள். எந்த மாட்டலில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுதான் சரி. (ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டு ஒயரைத் தொடவும்.) சோதிக்க நல்ல பாட்டு வேண்டுமா? ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பெயர் பெற்றவை 1978-ல் வந்த ‘ப்ரியா’ படப் பாடல்கள். கண்ணை மூடிக் கேட்டால் வாத்தியங்கள் இடமும் வலமும் பிரிந்து நிற்க, குரல் நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும். வந்தால் முக்கோணம் சரி.

“பாட்டு கேக்குது, வார்த்தைதான் புரியலை” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பழியைக் காது மேல் போட்டுவிடுகிறோம். பாதிக் குற்றம் நம் ஹாலுடையது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல். ஒவ்வொரு சொல்லும் நாலு இடத்தில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது. கனமான திரை, தரையில் ஒரு ஜமுக்காளம், சுவரோரம் ஒரு புத்தக அலமாரி போதும். எந்த ஆம்ப்ளிஃபையரும் செய்யாத வேலையை அவை செய்யும்.

இதற்கெல்லாம் பிறகும் போதவில்லை என்றால் பர்ஸைத் திறங்கள். வாட்ஸ் கணக்கில் மயங்காதீர்கள். தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் மேல் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், நினைவிருக்கிறதா? அது வெறும் விளம்பரக் கணக்கு. பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற எண். அதிலும் 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடும் சத்தம் 3 டெசிபல்தான். கவனித்தால் தெரியும், அவ்வளவே. ஸ்பீக்கரின் ‘சென்சிடிவிட்டி’ 87-க்குப் பதில் 90 டெசிபல் என்றிருந்தால் அதே பலன், ஆம்ப்ளிஃபையரைத் தொடாமலே கிடைக்கும். அதனால் காசு போவதானால் முதலில் ஸ்பீக்கருக்குப் போகட்டும். ஆம்ப்ளிஃபையர் அடுத்த வருடம் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள்? ஹாலுக்குள் ஓடும் நாலைந்து மீட்டருக்குக் கொஞ்சம் தடிமனான சாதாரண செம்பு ஒயர் போதும். கடைக்காரர் கோபித்துக்கொள்ளட்டும்.

சவுண்ட்பாரைக் குறை சொல்லவில்லை. சின்ன வீடு, சீரியலும் செய்தியும்தான் பிரதானம் என்றால் அதுவே சரி. உட்கார்ந்து பாட்டு கேட்பவர்களுக்குத்தான் இந்த மெனக்கெடல்.

கேசட் டெக் விஷயம் மட்டும் தனி. அதில் இனி யாரும் பாட்டு கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அலமாரி அடியில் பாருங்கள். கல்யாணத்தில் பதிந்தது, வளைகுடாவில் இருந்த மாமாவுக்குப் பாட்டி பேசி அனுப்பியது, குழந்தை மழலையில் பாடியது என்று நாலு கேசட்டாவது கிடக்கும். சினிமாப் பாட்டெல்லாம் போனில் கிடைக்கும். பாட்டி குரல் கிடைக்காது. டெக் ஓடவில்லை என்றால் பல நேரம் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இளகியிருக்கும், அதை மாற்றலாம். ‘லைன் அவுட்’ துளையிலிருந்து ஒரு ஒயர், விலை குறைந்த யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு, ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் இரண்டு கேசட்டைப் பதிவு செய்துவிடலாம்.

டெக்கில் போடும் முன், டேப் தெரியும் பக்கத்துக்கு எதிர் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டி பிளாஸ்டிக் தகடுகளை ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அது இறங்காது.