நின்றுபோன சியாஸை வாங்கலாமா?



மாருதி சியாஸ் விற்பனை 2025-இல் நின்றதிலிருந்து, பழைய சியாஸ் வாங்கலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். எனக்கு அது இன்னமும் நல்ல வண்டிதான். பின்சீட்டில் வயதானவர்கள் காலை நீட்டி உட்காரலாம்; டிக்கி 510 லிட்டர். 2018-இல் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் எர்டிகாவிலும் வந்ததால் இன்ஜின் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஹெட்லைட், பம்பர் போன்ற வெளிப்பாகங்கள்தான் பின்னாளில் அலைய வைக்கலாம்.

என் கவலை வேறு: வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை நம் தலையில் கட்டிவிடுவார்களோ என்பதுதான். எங்கள் அடையாற்றிலும் கோட்டூர்புரத்திலும் 2015 டிசம்பர் வெள்ளம் எத்தனை கார்களை மூழ்கடித்தது! 2023-இல் மிக்ஜாம் புயலில் வேளச்சேரிப் பக்கம் மறுபடியும் அதே கதை. சென்ற மாதம் நான் பார்த்த 2015 மாடல் சியாஸ் பளபளவென்று பாலிஷ் போட்டு நின்றது. முன்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பு நிறச் சேற்றுக் கோடு. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டமெல்லாம் துரு. விற்க வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகவே வாங்குபவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் சர்வீஸ் பதிவையும் கேளுங்கள். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

– ஒரு வாசகர்,
அடையாறு, சென்னை-20