பொறுப்பு மட்டும் சிஸ்டருக்கு, அதிகாரம் யாருக்கு?

உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களைச் சேர்ந்த 120 மருத்துவ நிலையங்களில் நடந்த ‘பெட்டர்பர்த்’ ஆய்வின் முடிவுகள் 2017 டிசம்பரில் வெளிவந்தன. நம் சுகாதாரத் துறை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஆய்வு அது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவத்துக்கான சரிபார்ப்புப் பட்டியலைப் பழக்கப்படுத்த, பாதி நிலையங்களுக்குப் பயிற்றுநர்கள் எட்டு மாதம் நேரில் சென்றார்கள். கை கழுவுவது, தாய்க்கு ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தை பிறந்தவுடன் ஆக்சிடோசின் ஊசி போடுவது என எல்லாமே அடிப்படை வேலைகள். இரண்டாவது மாதத்தில் 18 நடைமுறைகளில் 73 சதவீதம் சரியாக நடந்தன. பயிற்றுநர் போகாத இடங்களில் 42 சதவீதம்தான். பயிற்றுநர்கள் விலகி நான்கு மாதம் ஆனதும் அந்த 73, 62 ஆகச் சரிந்தது. தாய், சேய் இறப்பும் குறையவில்லை.

இதைப் பார்த்துவிட்டு நர்சுகளுக்கு அக்கறையில்லை என்று சொல்வது அநியாயம். வெளியிலிருந்து வந்தவர் போன பிறகு அந்த வேலையை ஏற்று நடத்த உள்ளே ஒருவர் வேண்டும். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்தான் அவர். ஆனால் அவருடைய பகல் எப்படிப் போகிறது? பொருள் கேட்டு இண்டென்ட் எழுத வேண்டும், சலவைக்குப் போன துணியை எண்ணி வாங்க வேண்டும், நோயாளர் எண்ணிக்கையான சென்சஸ் கொடுக்க வேண்டும், கணினியில் பதிவேற்ற வேண்டும். புதிதாக வந்த செவிலியர் பிரசவத்தின் போக்கைக் காட்டும் பார்டோகிராஃப் படிவத்தைக் குறிக்கும்போது பக்கத்தில் நின்று திருத்த நேரம் ஏது? இரவில் கையுறை தீர்ந்தால் ஸ்டோர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியில் வாங்க அவரிடம் பணமும் இல்லை, உத்தரவும் இல்லை. தணிக்கையில் குறை வந்தால் மட்டும் மெமோ அவர் பெயருக்கு வரும்.

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் தொடங்கிய லக்ஷ்யா திட்டத்தின் வழிகாட்டி, பயிற்சி பெற்ற செவிலியரைப் பிரசவ அறையிலிருந்து வேறு வார்டுக்கு மாற்றக் கூடாது என்கிறது. நல்ல விதி. ஆனால் பக்கத்து வார்டில் ஆள் இல்லாத இரவில் அந்த விதியைக் காட்டி மறுக்க எந்த சிஸ்டரால் முடியும்?

அதிகாரம் மட்டுமல்ல, பணி நிரந்தரமும் பிரச்சினைதான். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) வழியே தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவ இயக்குநரகங்கள் இயங்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். வேலையே நிச்சயமில்லாதவரை நம்பி ஒரு வார்டின் தரத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற முடியாது.

மருத்துவமனைகளுக்குத் தரப்படும் தேசியத் தரச் சான்று மூன்றாண்டுக்குச் செல்லும். அந்த மூன்றாண்டும் தரம் நிற்க வேண்டுமானால், பெரிய வார்டுகளுக்கு எழுத்தர் போடுங்கள். செவிலியர் கண்காணிப்பாளர் பணியிடங்களைக் காலியாக விடாதீர்கள். டூட்டி பட்டியலில் இன்சார்ஜ் சிஸ்டரின் சொல்லே இறுதியாக இருக்கட்டும். நோயாளர் நலச் சங்க நிதியில் ஒரு சிறு தொகையை அவசரத் தேவைக்குச் செலவிட அவருக்கு அனுமதி கொடுங்கள். இதற்கெல்லாம் புதிய திட்டமோ புதிய சட்டமோ தேவையில்லை. சுகாதாரத் துறை அரசாணை பிறப்பித்தால் போதும். அதை இந்த நிதியாண்டுக்குள் பிறப்பிக்க வேண்டும்.