சயனைடு மேட்டைத் தொடும் முன் எங்கள் நெஞ்சைப் பாருங்கள்

சுரங்க வேலையிலிருந்து வெளியேறியவர்களின் மருத்துவப் பாதுகாப்பு பற்றி கோரமண்டல் முன்னாள் தொழிலாளர்களின் நிலைப்பாடு

கோலார் தங்கவயலின் 13 சயனைடு மேடுகளில் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவியல்களில்), சுமார் 1,003 ஏக்கரில், மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து சங்கம் என்ன சொல்கிறது என்று உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். செயற்குழுவில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. மண்ணைக் கிளறவே கூடாது என்றவர்கள் உண்டு. விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை வந்தால் நாம் ஏன் குறுக்கே நிற்க வேண்டும் என்றவர்களும் உண்டு. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு எல்லோரும் கையெழுத்திட்ட வாசகம் இது: இத்திட்டத்தைச் சங்கம் கொள்கையளவில் எதிர்க்கவில்லை, ஆனால் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்து வெளியேறிய ஒவ்வொருவருக்கும், அவருடைய துணைக்கும், அவர் இல்லாத வீட்டில் அவர் மனைவிக்கும் ஆயுள் முழுவதும் மருத்துவப் பாதுகாப்பு எழுத்தில் உறுதியாகும்வரை அந்த மேடுகளிலிருந்து ஒரு கூடை மண்கூட நகரக் கூடாது.

சுரங்கம் மூடிய 2001 பிப்ரவரி 28 பற்றி உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஷாஃப்டுக்குப் பூட்டு விழுந்தது, பின்னாலேயே கம்பெனி ஆஸ்பத்திரிக்கும் விழுந்தது. செட்டில்மெண்ட் கணக்கைப் பற்றி அன்று மணிக்கணக்கில் பேசினோம். ஆஸ்பத்திரியைப் பற்றி நாமும் போதுமான அளவு பேசவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம். வேலையில் இருந்தவரை தலைவலிக்கும் பிரசவத்துக்கும் ஒரே வாசல்தான்; அந்த வாசல் ஒருநாள் இருக்காது என்று யாருக்கும் தோன்றவில்லை.

நம் தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் பல வீடுகளில் அண்ணன் மைன்ஸுக்குப் போயிருப்பார், தம்பி பட்டாளத்துக்குப் போயிருப்பார். அப்படி ஒரு வீட்டுக் கதை செயற்குழுவில் பேசப்பட்டது. தம்பி படையில் இருந்தபோது குடும்பத்துக்கு ராணுவ ஆஸ்பத்திரி. ஓய்வு பெற்றதும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், அதாவது நாம் இ.சி.எச்.எஸ். என்று சொல்வது. 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய திட்டம். ஓய்வின்போது ஒரே ஒரு தவணை கட்ட வேண்டும். 2017 டிசம்பர் கடைசியில் வந்த உத்தரவுப்படி ஹவில்தார் வரையுள்ளவர்களுக்கு 30,000 ரூபாய். அதன் பிறகு பாலிகிளினிக்கில் மருந்து, தேவைப்பட்டால் அங்கிருந்து சீட்டு எழுதி, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. அவருக்கும், மனைவிக்கும், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும். அந்தத் திட்டத்திலும் குறைகள் உண்டு. பில் பாக்கியால் ஆஸ்பத்திரிகள் முகம் சுளிப்பதையும், ஒரு சீட்டுக்காகப் பல மணி நேரம் காத்திருப்பதையும் நம் படைவீரர் சகோதரர்களே சொல்கிறார்கள். ஆனாலும் தம்பியின் சட்டைப் பையில் ஒரு கார்டு இருக்கிறது. அண்ணன் பையில் இருப்பது இன்ஹேலர் வாங்க எண்ணி வைத்த சில்லறை.

படைவீரருக்குக் கிடைப்பதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அவர்களுடைய உரிமை. நாங்கள் சுட்டிக்காட்டுவது வேறு: திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டவர்களையும் அரசு அதில் சேர்த்துக்கொண்டது. 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களிடம் பங்களிப்புத் தொகைகூடக் கேட்கவில்லை. ஆக, "நீங்கள் அப்போதே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்" என்று எங்களிடம் மட்டும் சொல்ல டெல்லிக்கு வாய் வரக் கூடாது. எங்கள் முதலாளியும் அதே மத்திய அரசுதான். 1972இலிருந்து நாங்கள் சுரங்க அமைச்சகத்தின் ஆட்கள். பத்தாயிரம் அடி ஆழத்தில், தொட்டால் சுடும் பாறைக்கு நடுவில் எடுத்த தங்கம் எந்த வீட்டு நகைப்பெட்டிக்குப் போனது? தேசத்தின் கணக்கில்தானே சேர்ந்தது?

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டத்தில் "தொழிற்சாலை" என்ற சொல்லுக்குள் நாங்கள் வேலை பார்த்தபோது சுரங்கம் அடங்கவில்லை. கம்பெனி ஆஸ்பத்திரி இருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. இன்று உறைக்கிறது. ஐந்தாண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெறும் ஒரு ஆலைத் தொழிலாளி ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைக்கும் மருத்துவம் தொடர்கிறது. நாங்கள் பீங்கான் ஆலையில் வேலை பார்த்திருந்தால் அந்த 120 ரூபாயோடு தப்பித்திருப்போம். ஐந்து லட்சம் ரூபாய் வரை அரசுக் காப்பீடு இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இருக்கிறது, படுக்கையில் விழுந்தபின் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் வீட்டில் வைக்கும் ஆக்சிஜனுக்கும் அது வராது. குறைந்தபட்ச பி.எஃப். பென்ஷன் 1,000 ரூபாய் என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறோம்.

இனி சிலிகோசிஸ், அதாவது கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். இந்த அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி போதும் என்று வரைவுக்குழுவில் சிலர் கருதினார்கள். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை.

1940இலேயே மைசூர் சமஸ்தானம் இந்த நோய்க்கு நஷ்டஈடு தர விதி செய்தது. 1940க்கும் 1946க்கும் இடையில் கோலார் தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி படிந்திருந்தது. ஆக, இந்த நோய் இங்கே இருக்கிறதா என்று ஆராய இன்னொரு குழு போடுகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்கள் நம்மை மடையர்கள் என்று நினைக்கிறார்கள் என்றே பொருள்.

தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த நோய் நிற்காது. சுரங்கத்தில் இருந்தபோது சரியாக இருந்த எக்ஸ்ரே பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் கெட்டுப்போகலாம். 2001இல் நல்ல உடம்போடு வெளியே வந்த ஒரு டிரில்லர் இன்று கோரமண்டல் ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் மூன்று இடத்தில் நிற்கிறார். மூன்றாவது இடத்தில் மதில் மேல் கை ஊன்றி, வாயைத் திறந்து காற்றை இழுத்து, பேசாமல் கையை மட்டும் அசைத்து நம்மை முன்னால் போகச் சொல்கிறார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் அவருக்கு டிபி மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் சாப்பிட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு டிபி எளிதில் வரும். ஆனால் டிபி குணமானாலும் கல்தூசி உள்ளேயே இருக்கிறது, அதைக் கரைக்க மருந்தில்லை. வேலையின் பெயர் சீட்டில் எழுதப்படாதவரை அவர் சாவு வெறும் டிபி சாவுதான். நஷ்டஈடு கேட்கப் போகும் மனைவியிடம் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரம் கம்பெனி ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருந்தது. அந்தப் பிலிம்களும் பதிவேடுகளும் எங்கே? 2021 மே மாதம் கொரோனாவுக்காக அந்தக் கட்டடத்தைத் தன்னார்வலர்கள் கூட்டிப் பெருக்கித் திறந்தார்கள். இருபது வருடம் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரியை மனம் வைத்தால் சில வாரங்களில் திறக்க முடியும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்துவிட்டது. இனி முடியாது என்ற பேச்சு எடுபடாது.

ராஜஸ்தான் 2019இல் இந்த நோய்க்காக ஒரு கொள்கை வகுத்தது: நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத உதவித்தொகை தனி. அதற்குக் குறையாத உதவி நமக்கும் வேண்டும். இ.சி.எச்.எஸ். மாதிரியில் ஒரு கார்டு, ஊருக்குள் ஒரு பாலிகிளினிக், ஆண்டுக்கொரு முறை நெஞ்சுப் பரிசோதனை. செலவை மேட்டிலிருந்து எடுக்கும் தங்கத்தின் வருமானத்தில் ஒரு பங்காக, ஏலப் பத்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். விகிதம் எவ்வளவு என்பதை உரிய கலந்தாலோசனைக்குப் பின் முடிவு செய்ய சங்கம் தயார். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்ப்பது பரிசீலிக்கப்பட வேண்டும். (சேர்த்தே ஆக வேண்டும் என்பது இளைஞர் பிரிவின் கருத்து; பதிவு செய்கிறோம்.)

வீட்டுமனைப் பட்டா, நிலுவைத் தொகை ஆகியவற்றில் பழைய நிலைப்பாடு மாறவில்லை. உள்ளூர் வேலைவாய்ப்புக்கு முன்னுரிமை வேண்டும். மேட்டை வெட்டும்போது காற்றுக் காலத்தில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு வேண்டும்; தாத்தாவின் நெஞ்சில் ஏறியது பேரன் நெஞ்சிலும் ஏற விடமாட்டோம்.

கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன்களில் வீடு வீடாக விவரம் எடுக்கத் தொடங்குகிறோம். வேலைச் சீட்டு, பி.எஃப். ரசீது, பழைய மருத்துவச் சீட்டு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். டிரங்குப் பெட்டியில் எக்ஸ்ரே பிலிம் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் காகிதம் வைத்து, ஈரம் படாமல் தனியே கொடுங்கள். கணவர் இறந்த வீடுகளுக்குப் பெண் உறுப்பினர்களே முதலில் வருவார்கள்.