மீண்டும் தலைகாட்டும் குடலிறக்கம்

குடலிறக்கத்திற்கு ஒருமுறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர், பல ஆண்டுகள் கழித்து அதே தொடையிடுக்கில் மறுபடியும் ஒரு புடைப்பைக் காணும்போது பெரும்பாலும் வீட்டாரிடம் சொல்வதில்லை. கூச்சம் ஒருபுறம், ‘தைத்ததே நிலைக்கவில்லை, இனி என்ன செய்துவிடப் போகிறார்கள்’ என்னும் சலிப்பு மறுபுறம். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாட்களைக் கடத்துகிறார். அந்தச் சலிப்பு நியாயமானதே. ஆயினும் மருத்துவத்தில் அதற்கு விடை உண்டு.

வயிற்றுச் சுவரின் நலிந்த இடத்தின் வழியே குடலோ கொழுப்போ பிதுங்குவதே குடலிறக்கம். 1880களில் இத்தாலிய மருத்துவர் பஸ்ஸினி தசைகளை இழுத்துத் தைத்து அவ்விடத்தை அடைத்தார். இழுத்துத் தைத்தது நாளடைவில் விட்டுப்போவதுண்டு. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்க மருத்துவர் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் செயற்கை இழை வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். மீண்டும் வருவது வெகுவாகக் குறைந்தது, அடியோடு நின்றுவிடவில்லை.

இரண்டாம் முறை, திறந்த அறுவையா, நுண்துளை அறுவையா? எது உயர்ந்தது என்பதைவிட, முதல் அறுவை எந்தப் பக்கமாகச் செய்யப்பட்டது என்பதே இங்கு முக்கியம். முன்புறம் திறந்து செய்த இடத்தில் தழும்புத் திசு இறுகிக் கிடக்கும்; நரம்புகளும் விதைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் அதனுள் புதைந்திருக்கும். மறுபடி அங்கேயே அறுத்தால் அவை காயப்படலாம். நீங்கா வலியும் வரலாம். நுண்துளை முறையிலோ கத்தி படாத பின்புறமாகச் சென்று வலையை விரிக்கிறார்கள். முதல் அறுவை நுண்துளை வழியாக நடந்திருந்தால், இப்போது முன்புறம் திறப்பதே ஏற்றது. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலும் இதையே கூறுகிறது.

நுண்துளை முறையில் வலி குறைவு, விரைவில் நடமாடலாம். ஆனால் அதற்குப் பொதுவாக முழு மயக்கம் தேவை. இதயமோ நுரையீரலோ நலிந்தவருக்கு, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து திறந்த முறையில் முடித்துவிடலாம். புராஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து அகற்றியவர்களுக்குப் பின்புறப் பாதையும் தழும்பேறியிருக்கும். அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துச் செல்வது நல்லது. வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைப்பவர்கள், இந்தத் தாளை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்! தாள் தொலைந்திருந்தால் தழும்பே சாட்சி: தொடையிடுக்கில் நீளமாக இருந்தால் திறந்த அறுவை; தொப்புளருகே சிறு சிறு வடுக்கள் இருந்தால் நுண்துளை. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் கழிக்கும் தொல்லை ஆகியவற்றுக்கும் முன்னதாகவே மருத்துவம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுத்தால் உள்ளே போய்விடும் புடைப்பு ஒருநாள் போக மறுத்து, வலியும் வாந்தியும் கூடினால், மறுநாள் காலை வரை காத்திருக்கலாகாது. சிக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கிவிடும்.